ஏழு நிமிடப் பேச்சும் முதல் 24 மணி நேரமும்

கோடை விடுமுறை முடிந்து 2025 ஜூன் 16 அன்று கல்லூரி திறந்த முதல் நாளிலேயே, காவல் சித்திரவதைத் தடுப்பு பற்றிய மாணவர் பேச்சுப்போட்டிக்கான சுற்றறிக்கை எங்கள் தமிழ்த்துறை மேசைக்கு வந்துவிட்டது. போட்டி நாள் ஜூன் 26. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1984 டிசம்பர் 10 அன்று பொதுச்சபையில் ஏற்கப்பட்டு, 1987-இல் இதே ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது என்பதால், சித்திரவதைக்கு ஆளானோருக்கு ஆதரவு தெரிவிக்கும் நாளாக உலகெங்கும் அந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் உள்ள கல்லூரிகளிலிருந்து இருவர் இருவராகக் கலந்துகொள்ளலாம். பேசுவதற்கு ஏழு நிமிடம், நடுவர்களின் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம். இருபது ஆண்டுகளாகப் பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் மாணவர்களைத் தயார் செய்து அனுப்பிய எனக்கு இது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. அந்த நினைப்பு பத்து நாளில் எப்படிக் கரைந்தது என்பதையும், அதில் பிற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடியது எது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மூன்றாமாண்டு மாணவனை. ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசி வரிசை வரை எட்டும் குரல் அவனுக்கு. இரண்டாவது இடத்துக்கு வழக்கமாகப் பேசும் மாணவர் எவரும் கிடைக்காததால், மேலூர் அருகிலிருந்து வரும், பொருளியல் படிக்கும் இரண்டாமாண்டு மாணவி ஒருவரைச் சேர்த்தேன். அதுவரை இரண்டே முறை மேடையேறியவர் அவர். வேறு ஆள் இல்லாததால்தான் சேர்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்றிரவே அமர்ந்து மாணவனுக்கான உரையை எழுதி முடித்தேன். மதுரைக்காரன் நீதி பற்றி எழுதத் தொடங்கினால் பேனா எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்பதுதான் என் முதல் வரி. கண்ணகியின் குரலில் தொடங்கி, சாத்தான்குளத்தில் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்ததை விவரித்து, அவையோரின் கண்ணில் நீரை வரவழைத்து, சட்டம் வேண்டும் என்று முழங்கி முடிப்பது என் திட்டம். மாணவன் இரண்டே நாளில் அதை மனப்பாடம் செய்துவிட்டான். மாணவிக்கும் ஏறக்குறைய அதே அமைப்பில் ஓர் உரையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் ஒரு கேள்வியோடு வந்தார்: "ஐயா, கோவலனை யாரும் அடைச்சு வச்சு விசாரிக்கலையே? விசாரிக்காமலேதானே வெட்டுனாங்க? நம்ம தலைப்பு, விசாரிக்கும்போது நடக்குறதைப் பத்தித்தானே?"

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. விசாரணையற்ற கொலைக்கும், விசாரணை என்ற பெயரால் நான்கு சுவருக்குள் நடக்கும் வதைக்கும் வேறுபாடு உண்டு. ஐ.நா. உடன்படிக்கையின் முதல் பிரிவு அந்த வேறுபாட்டைத் துல்லியமாக வரையறுக்கிறது: வாக்குமூலம் பெறவோ, தகவல் அறியவோ, தண்டிக்கவோ, அச்சுறுத்தவோ, பாகுபாடு காரணமாகவோ, உடலுக்கோ மனதுக்கோ வேண்டுமென்றே கடும் வலியை ஏற்படுத்துவதும், அதை ஓர் அரசு அலுவலர் தாமே செய்வதோ, தூண்டுவதோ, கண்டும் காணாமல் இருப்பதோதான் சித்திரவதை. நோக்கம், வேண்டுமென்றே இழைக்கப்படும் கடும் வலி, அரசதிகாரத்தின் கை ஆகிய மூன்றும் சேர வேண்டும். இந்த வரையறையைப் படிக்காமலேயே நான் உரை எழுதி முடித்திருந்தேன். இத்தகைய போட்டிக்குத் தயார் செய்பவர்கள் முதல் நாளை இந்த ஒரு பத்திக்காகவே செலவிடலாம். மனதுக்கு இழைக்கும் வதையும் அதில் அடங்கும் என்பது தெரிந்தாலே பேச்சின் பாதை மாறிவிடும்.

அந்த மாணவியின் பெரியப்பா, காவல் துறையில் சிறப்பு சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கேட்டுப் பாருங்கள் என்றேன். பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் இரண்டு நாள் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, தாமாகவே தொடங்கியிருக்கிறார். "ஸ்டேஷன்ல கொடுக்குற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு எங்களுக்கும் தெரியும்மா. ஆனா அவன் சொல்லி நகையை எடுத்தோம்னா, எடுத்தது செல்லும்ல. மேல இருந்து போன்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ரெக்கவரி எங்கன்னு." பிறகு ஒரு பழைய வழக்கைச் சொல்லியிருக்கிறார். அடி தாங்காத ஒருவன், தான் எடுக்காத நகையை அடகுக்கடையில் வைத்ததாகச் சொல்லி, இவர்களை மூன்று ஊருக்கு அலைய விட்டிருக்கிறான். உண்மையில் திருடியவன் வேறொருவன் என்பது பிற்பாடு தெரிந்ததாம். "அவனை அப்புறம் ஒரு தடவை சந்தையில பார்த்தேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போயிட்டேன்" என்பதோடு அவர் எழுந்துவிட்டாராம்.

அந்தத் திண்ணைப் பேச்சில் நான் எழுதிய ஏழு நிமிட முழக்கத்தில் இல்லாத ஒன்று இருந்தது: இது ஏன் தொடர்ந்து நடக்கிறது என்பதற்கான காரணம். காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 23-ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்பதற்குக் காரணமான பகுதியை மட்டும் ஏற்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் உண்டு. அடித்து வாங்கும் சொல் செல்லாது என்று சொல்லும் சட்டம், அந்தச் சொல்லின் வழியே வரும் பொருளுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. திருட்டு வழக்குகளில் அடி விழுவது பெரும்பாலும் அந்த வாசலுக்கு முன்னால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளியல் மாணவிக்கு இது உடனே பிடிபட்டது. "ஐயா, இதுல ஊக்கத்தொகை மாதிரி ஒண்ணு இருக்கு" என்றார்.

கல்லூரி நூலகத்தில் அவர் தேடி எடுத்த இன்னொரு செய்தி என்னையே வியக்க வைத்தது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசே ஓர் ஆணையத்தை அமைத்து, 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்திருக்கிறது. நிலவரி வசூலிப்பதற்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடியானவர்கள் எப்படியெல்லாம் வதைக்கப்பட்டார்கள் என்பதை அது பதிவு செய்கிறது. விரல்களை நெருக்கும் 'கிட்டி', கழுத்தையும் கால்களையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் 'அண்ணந்தாள்' என்ற நம் சொற்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் அதில் இருக்கின்றன. 170 ஆண்டுகளுக்கு முன் வரி, இன்று ரெக்கவரி என்று மாணவி ஒரு வரி எழுதியிருந்தார். கொஞ்சம் சொல் விளையாட்டுதான். ஆனாலும் நான் அதை வெட்டவில்லை.

சட்டப் பகுதியைச் சரிபார்க்க, என்னிடம் படித்து இப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் பழைய மாணவர் ஒருவரை நாடினேன். ஒரு மாலைப் பொழுதில் ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, இரண்டு உரைகளையும் சிவப்பு மையால் நிரப்பித் தந்தார். பிழைகள் பெரும்பாலும் என்னுடையவையே என்பதால் அவற்றைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை என்று எழுதியிருந்தேன். இந்தியா 1997 அக்டோபர் 14 அன்றே கையெழுத்திட்டுவிட்டது. இன்றுவரை செய்யாதது ஏற்புறுதி, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்பது. கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம், ஏற்புறுதி என்பது தாலி என்று அவர் விளக்கியதை மாணவர்கள் மறக்கவே இல்லை. அந்த ஏற்புறுதிக்கு வழி செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட சித்திரவதைத் தடுப்பு மசோதா, 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் புதிய வரைவு ஒன்றையே எழுதிக் கொடுத்தும் தனிச் சட்டம் வரவில்லை. அதற்காக இப்போது சட்டமே இல்லை என்று முழங்கிவிடவும் கூடாது. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரையும், கொடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரையும் சிறை என்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவு சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உண்மையைச் சொல்லும் பேச்சாளரை நடுவர்கள் உடனே கவனிப்பார்கள் என்றார் அவர்.

இரண்டாவது, பிரிவு எண்கள். கடைகளில் கிடைக்கும் பழைய பேச்சுத் தொகுப்புகளைப் பார்த்து நான் எழுதியவை எல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்கள். அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது இப்போது 47. உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 48. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை 38, அதுவும் விசாரணை முழுவதும் உடன் வைத்துக்கொள்ள இயலாது என்ற வரம்போடு. கைதானவரை மருத்துவர் பரிசோதிப்பது 53. காவல் மரணம் குறித்த மாஜிஸ்திரேட் விசாரணை 196. எண்களை அடுக்கினால் பேச்சு வறண்டுபோகும். ஆனால் கேள்வி நேரத்துக்கு அவை கைவசம் இருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். "காவல் துறை ஒருவரை 24 மணி நேரம் வைத்திருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். வழக்கறிஞர் அந்த வரியை இரண்டு முறை அடித்தார். அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு, கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அது கடக்கக் கூடாத எல்லை, காவலர்களுக்குத் தரப்பட்ட தவணை ஆகாது. அதைவிடப் பெரிய ஓட்டை, அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. "விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம், சாயங்காலம் அனுப்பிருவோம்" என்று வீட்டு வாசலில் சொல்லப்படும் வாக்கியத்தில் கைது என்ற சொல்லே கிடையாது. பதிவேட்டிலும் ஏறாத அந்த நேரத்தில், அவர் எங்கே இருக்கிறார் என்பதற்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை.

அங்கேதான் அவர் கண்ணகியைத் திரும்ப அழைத்து வந்தார். "கண்ணகிக்கு உடைச்சுக் காட்ட ஒரு சிலம்பு இருந்துச்சு ஐயா. உடைச்சா மாணிக்கம் தெறிச்சுச்சு, கேஸ் முடிஞ்சுச்சு. எங்கிட்ட வர்ற குடும்பங்க கையில உடைச்சுக் காட்ட என்ன இருக்கு?" முன்பெல்லாம் தம் சீனியர் அதற்குத் தந்தியைப் பயன்படுத்தினார் என்றார். ஆளைக் கூட்டிக்கொண்டு போன அரை மணி நேரத்தில், தலைமை நீதிபதிக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தந்தி அடிக்கச் சொல்வாராம். தந்தியைப் பெற்றவர்கள் ஏதாவது செய்வார்கள் என்ற நம்பிக்கையைவிட, நாளும் நேரமும் முத்திரையிட்ட ரசீது ஒன்று குடும்பத்தின் கையில் இருக்கும் என்பதே காரணம். 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்பட்டபோது நாட்டில் பலர் பழைய நினைவுகளில் உருகினார்கள். அந்தச் சீனியர் மட்டும், நல்ல சாட்சி ஒருவர் செத்துப்போய்விட்டார் என்று சொன்னாராம். இப்போது அந்த வேலையை மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் செய்ய வேண்டியிருக்கிறது.

போட்டி, அழகர்கோவில் சாலையில் ஓர் அரங்கில் நடந்தது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், மூத்த வழக்கறிஞர் ஒருவர், தடயவியல் மருத்துவம் கற்பித்த பேராசிரியை ஒருவர் என மூன்று நடுவர்கள். பதினான்கு பேர் பேசினார்கள். அவர்களில் ஒன்பது பேர் "தேரா மன்னா" என்றே தொடங்கினார்கள். ஐந்தாவது கண்ணகி வந்தபோதே நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். என் உசிலம்பட்டி மாணவன் ஏழாவது கண்ணகி. முதல் வரியை மாற்றலாமா என்று முந்தைய நாள் அவன் கேட்டதும், மனப்பாடம் கலைந்துவிடும் என்று நான் தடுத்ததும் அப்போது நினைவுக்கு வந்தன.

அதுவாவது மதிப்பெண்ணோடு போகும். அடுத்து நடந்தது அப்படிப்பட்டதன்று. நான் எழுதிக் கொடுத்தபடியே அவன் சாத்தான்குளத்துக்கு வந்தான். குரலை இறக்கினான், ஏற்றினான், மேடை மேசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு அடியாக எண்ணினான், காயங்களை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்தான். அவையில் மாணவர்கள் உறைந்து கேட்டார்கள். என் பயிற்சி வேலை செய்கிறது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். அமைப்பாளர்கள், காவலில் பிள்ளைகளை இழந்த சில குடும்பங்களையும் பார்வையாளராக அழைத்திருந்தார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

நான் வெளியே போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேன் அருகே நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "எம்புள்ள எப்படிச் செத்தான்னு எல்லாரும் சொல்றாங்க சார். கொத்தனார் வேலைக்குப் போயி தங்கச்சிக்குக் கம்மல் எடுத்துக் குடுத்தான். அதையும் யாராச்சும் சொல்லலாம்ல." பிறகு, "அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுது, அத வையாதீங்க" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மேலூர் மாணவியின் முறை பதினோராவது. அவர் பேச்சைக் கண்ணகியில் தொடங்கவில்லை; வீட்டு வாசலில் தொடங்கினார். இரவு எட்டு மணிக்கு, சீருடை அணியாத நால்வர், நம்பர் சரியாகத் தெரியாத ஒரு வண்டி, "விசாரணைக்குத்தான்" என்ற ஒரு சொல். அந்த வாசலில் நிற்கும் தங்கை கல்லூரியில் படிக்கிறவள் என்றால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அவளால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். வந்தவர்களின் பெயரையும் நிலையத்தையும் கேட்டு, நேரத்தோடு எழுதி வைக்கலாம். எந்த வழக்கு, கைது செய்கிறீர்களா என்று கேட்கலாம். கைது என்றால் கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் ஒப்பமிட வேண்டும் என்பதை நினைவுபடுத்தலாம். அப்போதே உடலில் இருக்கும் காயங்களைப் பதிவு செய்யும்படி கைதானவர் கேட்கலாம் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம். கைதுக் குறிப்பும் காயப் பதிவும் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று விதித்த பதினொரு கட்டளைகளில் இருப்பவை என்றும், அந்த வழக்கே 1986-இல் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் பொறுப்பாளர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது என்றும், கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இந்த அவையில் நூறு பேராவது இருக்கிறோம் என்றும் சொன்னார். கைதட்டல் பெரிதாக இல்லை. நீதிபதி கண்ணாடியை மீண்டும் போட்டுக்கொண்டார்.

சாத்தான்குளத்தை அவரும் விடவில்லை. ஆனால் காயங்களைத் தொடவே இல்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தது என்ற ஒரு குற்றச்சாட்டுக்காக ஜெயராஜும் பென்னிக்ஸும் கொண்டு செல்லப்பட்டதையும், ஒரு வாரம் முடிவதற்குள் இருவரும் இறந்ததையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நம் ஊரில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து அதைக் கையில் எடுத்ததற்கு நகர்ந்தார். சாட்சியங்கள் அழியாமல் இருக்கக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் விட நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், கண்காணிப்புக் கேமராவில் சேமிக்க இடம் நிறைய இருந்தும் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், நடந்ததை அச்சத்தோடு என்றாலும் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வரை சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. "கண்ணகிக்கு ஒரு சிலம்பு போதுமானதாக இருந்தது. நமக்குக் கைதுக் குறிப்பு, மருத்துவச் சீட்டு, கேமராப் பதிவு, உண்மையைச் சொல்லும் ஒரு காவலர் என்று பல சிலம்புகள் வேண்டியிருக்கின்றன" என்று அவர் சொன்னபோது ஆறாவது நிமிடத்துக்கான மணி அடித்தது. அந்த இடத்தில்தான் கண்ணகிக்கு வேலை இருந்தது.

கேள்வி நேரத்தில் தடயவியல் பேராசிரியை, "மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது காவலர் அறைக்குள்ளேயே நின்றால், கைதானவர் உண்மையைச் சொல்வாரா?" என்று கேட்டார். மாணவி விழித்தார்; தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பேராசிரியையே பதிலையும் சொன்னார். சித்திரவதையை மருத்துவ முறையில் ஆவணப்படுத்துவதற்கென்று இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. கையேடு 1999 முதல் இருக்கிறது, 2022-இல் திருத்தப்பட்டது, பரிசோதனை தனிமையில் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை என்றார். தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னதற்காகவே தாம் ஒரு மதிப்பெண் கூட்டியதாகப் பிறகு என்னிடம் கூறினார். மாணவிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஒரு சட்ட மாணவருக்கு, தகுதியான பேச்சுதான்.

திரும்பும் பேருந்தில் உசிலம்பட்டி மாணவன் பேசாமல் வந்தான். அந்தத் தாய் எழுந்து போனதை அவனும் மேடையிலிருந்து பார்த்திருக்கிறான். "நிறுத்தியிருக்கணும் ஐயா, ஆனா அடுத்த வரி தானா வந்துருச்சு" என்றான். மனப்பாடத்தின் ஆபத்து இதைவிடத் தெளிவாக எனக்கு விளங்கியதில்லை. இப்போது நான் உரையை முழுமையாக எழுதிக் கொடுப்பதில்லை. ஏழு நிமிடத்துக்கு ஐந்து குறிப்புகள் மட்டும் தருகிறேன், இடையில் நிறுத்திவிட்டு வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்லிப் பழக்குகிறேன். அவையில் யார் இருப்பார்கள் என்று அமைப்பாளர்களை முன்கூட்டியே கேட்பது, நேரத்தைக் கேட்பதைப் போலவே கட்டாயமாகிவிட்டது. இறந்தவரின் உடலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதானால், அவர் வாழ்ந்ததைப் பற்றி ஒரு வாக்கியமாவது அதற்கு முன் வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வழக்கு நிலுவையில் இருந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லாதிருப்பதும், தீர்ப்பு, விசாரணை அறிக்கை, செய்தி ஆகிய மூன்றில் எதிலிருந்து ஒரு விவரத்தை எடுத்தோம் என்பதைக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைப்பதும் வேண்டும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று மாவுக்கட்டுப் படத்தைக் காட்டி அவையைச் சிரிக்க வைக்கும் வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது; அதை நான் இனி அனுமதிப்பதில்லை. அந்தச் சிரிப்பில் அடிக்கான ஒப்புதல் ஒளிந்திருக்கிறது.

போட்டி நடந்தது வியாழக்கிழமை. அந்த வார இறுதியில், மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருப்புவனத்திலிருந்து செய்தி வந்தது. மடப்புரம் காளி கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார் என்ற இளைஞர், நகை காணாமல்போன புகார் ஒன்றில் விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டு இறந்துவிட்டார். நகை, விசாரணை, சீருடை அணியாத தனிப்படை. மாணவியின் பெரியப்பா திண்ணையில் சொன்னதும், மாணவி மேடையில் சொன்னதும், வரிசை மாறாமல் செய்தியில் இருந்தன. உடற்கூராய்வு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடந்தது. உயர் நீதிமன்றக் கிளை ஒரு மாவட்ட நீதிபதியை விசாரிக்க நியமித்தது. வழக்கு பின்னர் சி.பி.ஐ.க்குப் போனது. செய்தி வந்த அன்று மாணவி எனக்கு அதை மட்டும் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை உசிலம்பட்டி மாணவன் துறைக்கு வந்து, அவள் பேசியதில் வாசலில் நிற்பவர் செய்ய வேண்டியவை மட்டும் ஒரு பக்கத்தில் வேண்டும் என்று கேட்டான். மூவரும் சேர்ந்து எழுதினோம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்; பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்கிற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு; மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, அடித்தார்களா என்று அவர் கேட்காவிட்டாலும் தாமே சொல்ல வேண்டும் என்பது; ஆளைக் காணவில்லை என்றால் உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்பது; மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் நிகழ்ந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும் என்பது. ஒத்தக்கடை வழக்கறிஞர் தொலைபேசியிலேயே சரிபார்த்துத் தந்தார். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், தன் சொந்தக் காசில் ஐம்பது பிரதி எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனான்.

ஊர் டீக்கடையில், பேருந்து நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அதை ஒட்ட வைத்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்து ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் டீ குடிக்க வந்தவர், கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி அதை முழுவதும் படித்தாராம். கடைக்காரர் பயந்துபோய் அதைக் கிழிக்கக் கையெடுத்திருக்கிறார். இருக்கட்டும், செக்‌ஷன் நம்பரெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க என்று சொல்லி, டீக்குக் காசும் கொடுத்துவிட்டு அவர் போனாராம்.